மூன்று கல்லாக்கள்: வரிப்பணம் டெல்லிக்கும் சென்னைக்கும் ஊருக்கும் பிரிவது எப்படி

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் மேம்பாலத்தில் குழி விழுந்தால் முதலில் திட்டு வாங்குவது குழித்துறை நகராட்சி. பாலமோ தேசிய நெடுஞ்சாலை 66-ன் மேல் நிற்கிறது. நகராட்சியே ஆசைப்பட்டாலும் அதில் ஒரு சட்டி தார் ஊற்ற முடியாது. கீழே இறங்கிப் பேச்சிப்பாறைப் பக்கம் திரும்பினால் மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. அதிலிருந்து வீட்டுக்குப் பிரிகிற சந்துதான் நகராட்சியுடையது.

சாலையைப் போலவே வரிப்பணத்துக்கும் மூன்று கல்லாக்கள் இருக்கின்றன: ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி. எந்த வரியை எடுத்தாலும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீதத்தை நிர்ணயிப்பது யார்? வசூலிப்பது யார்? கடைசியில் செலவழிப்பது யார்? மூன்றுக்கும் ஒரே விடை வரும் வரிகள் மிகக் குறைவு. ரசீதில் அச்சடித்திருக்கும் பெயரை நம்பினால் பாதி நேரம் தவறான அலுவலகத்தின் வாசலில் போய் நிற்போம்.

ஒரு ஹோட்டல் பில்

நாகர்கோவிலில் ஒரு குடும்பம் 400 ரூபாய்க்குச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 20 ரூபாய். பில்லில் அது சிஜிஎஸ்டி 10, எஸ்ஜிஎஸ்டி 10 என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். முதல் 10 ஒன்றிய அரசுக்கு, இரண்டாவது 10 தமிழ்நாட்டுக்கு. வீதத்தை இருவரில் யாரும் தனியாக நிர்ணயிப்பதில்லை. அதைச் செய்வது ஒன்றிய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி மன்றம். அங்கே ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே ஒன்றியம் மறுத்தால் எதுவும் நகராது. மாநிலங்களும் போதிய எண்ணிக்கையில் சேர்ந்தால் ஒன்றியத்தைத் தடுக்கலாம். ஆனால் ஒரு மாநிலம் மட்டும் தனியாக நின்று எதையும் மாற்ற முடியாது. 2017 ஜூலை 1-க்கு முன் இந்த அதிகாரத்தின் பெரும்பகுதி சட்டமன்றத்தில் இருந்தது. இப்போது பெட்ரோல், டீசல், மது, முத்திரைத்தீர்வை, வாகன வரி, மின்சார வரி போன்ற சிலவற்றில்தான் மாநிலம் தானாக வீதத்தைக் கூட்டிக் குறைக்க முடியும்.

ஒன்றியத்துக்குப் போன 10 ரூபாயும் முழுதாக அங்கேயே தங்குவதில்லை. வருமான வரி, நிறுவன வரி, சுங்கம், கலால், சிஜிஎஸ்டி எல்லாம் வசூல் செலவு கழிந்து ஒரு பொதுப் பானையில் சேர்கின்றன. அரசமைப்பின் 270-வது பிரிவு சொல்லும் பகிர்வுத் தொகுப்பு இதுதான். 2000-ம் ஆண்டின் 80-வது திருத்தத்துக்கு முன் வருமான வரியும் ஒன்றிய கலாலும் மட்டுமே பகிரப்பட்டன. இப்போது ஏறத்தாழ எல்லா ஒன்றிய வரிகளும் பகிர்வுக்கு உரியவை. (இந்த 'ஏறத்தாழ' என்ற சொல்லுக்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதைப் பெட்ரோல் பங்கில் பார்ப்போம்.)

பானையில் மாநிலங்களின் பங்கை முடிவு செய்வது 280-வது பிரிவின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படும் நிதிக்குழு. 13-வது குழு 32 சதவீதம் என்றது, 14-வது 42 என்றது. ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதியை இழந்ததைக் காரணம் காட்டி 15-வது குழு 2021-26 காலத்துக்கு 41 என்றது. அந்த 41-ல் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். ஹோட்டல் பில்லில் பொருத்திப் பார்த்தால் 10 ரூபாயில் 4 ரூபாய் 10 பைசா எல்லா மாநிலங்களுக்கும், அதில் ஏறக்குறைய 17 பைசா தமிழ்நாட்டுக்கு. ஆக 20 ரூபாய் வரியில் சென்னை வந்து சேர்வது 10 ரூபாய் 17 பைசா. நாகர்கோவில் மாநகராட்சிக்கு இந்தப் பில்லிலிருந்து நேராக ஒரு பைசாவும் கிடையாது.

4.079 எங்கிருந்து வந்தது

15-வது நிதிக்குழு மாநிலங்களுக்கு மதிப்பெண் போட்ட முறை இது: 2011 மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடு மற்றும் சூழலுக்கு 10, பிறப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தியதற்கு 12.5, வரி முயற்சிக்கு (சொந்த வரியைத் திறம்பட வசூலிப்பதற்கு) 2.5. மீதி 45-ம் 'வருமான இடைவெளி' என்ற ஒரே அளவுகோலுக்கு. முன்னணி மாநிலத்தின் தனிநபர் வருமானத்திலிருந்து ஒரு மாநிலம் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு கூடுதலாகப் பணம். பீகாருக்கு 10.058, உத்தரப்பிரதேசத்துக்கு 17.939 என்று வந்ததற்கும், கேரளம் 1.925-ல் நின்றதற்கும் முக்கியக் காரணம் இதுதான். தமிழ்நாட்டின் பங்கு 13-வது குழுவில் 4.969 ஆக இருந்து 14-வதில் 4.023 ஆகச் சரிந்தது. அதன்பின் பெரிதாக எழவில்லை.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. இல்லாதவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்குத்தான் பகிர்வு என்பதே. மாநிலத்துக்குள்ளும் அதே நியாயம்தான் ஓடுகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளால் வரும் வரிக்குக் குமரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் பங்கு உண்டு. தகராறு கொள்கையில் இல்லை, அளவில்தான்: 45 என்ற எடை கூடுதலா, 2.5 என்ற எடை குறைவா, பானையின் 41 போதுமா என்பதில். 16-வது குழு சென்னைக்கு வந்தபோது தமிழ்நாடு அந்த 41-ஐ 50 ஆக்கக் கேட்டது.

பெட்ரோல் பங்கில் தெரியும் ஓட்டை

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு, கேரளத்தின் பாறசாலைப் பக்கம் கூடுதல். ஒன்றிய வரி இரு பக்கமும் ஒன்றே, வித்தியாசத்தை உண்டாக்குவது மாநில வரி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் அறிவித்த கணக்குப்படி அது 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். இது முழுக்க மாநிலக் கல்லாவுக்கு. மீன்பிடிப் படகுகளுக்கு 'வரிவிலக்கு டீசல்' என்று கொடுப்பதும் இந்த மாநில வரியை விலக்கித்தான்.

ஒன்றிய வரி 2025 ஏப்ரல் உயர்வின்போது லிட்டருக்கு 21 ரூபாய் 90 பைசா ஆனது. இதை உடைத்துப் பார்த்தால் அடிப்படை கலால் 1.40, சிறப்புக் கூடுதல் கலால் (இது ஒரு சர்சார்ஜ்) 13, சாலை உள்கட்டமைப்பு செஸ் 5, வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50. பகிர்வுத் தொகுப்பில் விழுவது முதலில் உள்ள 1.40 மட்டும். ஒரு குறிப்பிட்ட தேவைக்கென்று போடும் செஸ், வரியின்மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜ் இரண்டையும் மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை என்று அரசமைப்பே சொல்கிறது. 1.40-ல் 41 சதவீதம் 57.4 பைசா. அதில் தமிழ்நாட்டுக்கு 2.34 பைசா.

வருமான வரியிலும் இதே கதைதான். ஒருவர் 50,000 ரூபாய் வரியும் அதன்மேல் 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ்ஸாக 2,000 ரூபாயும் கட்டினால், 50,000-ல் 20,500 மாநிலங்களுக்குப் போய், அதில் 836 ரூபாய் தமிழ்நாட்டுக்கு வரும். 2,000-ல் எதுவும் வராது. '41 சதவீதம்' என்று கேட்டதும் மொத்த வசூலில் 41 என்று நினைப்பதுதான் தொடக்கக்காரர்கள் செய்யும் முதல் பிழை. செஸ்ஸும் சர்சார்ஜும் கூடக் கூட, 41 என்ற எண் மாறாமலே மாநிலங்களின் உண்மைப் பங்கு குறையும்.

ரப்பர் இங்கே, வரி எங்கே?

ஜிஎஸ்டி பொருள் விளையும் இடத்துக்கு வருவதில்லை, கடைசியாக நுகரும் இடத்துக்குப் போகும். குலசேகரத்து வியாபாரி ரப்பர் ஷீட்டைக் கேரளத்து ஆலைக்கு விற்றால் போடுவது ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான ஜிஎஸ்டி. ஆலை அந்த வரியை வரவு எடுத்துக்கொண்டு தன் டயரின் வரியில் கழித்துக்கொள்ளும். அந்த டயரை லக்னோவில் ஒருவர் வாங்கும்போது மாநிலப் பங்கு உத்தரப்பிரதேசத்துக்கு. ரப்பர் விளைந்த ஊர் என்பதற்காகத் தமிழ்நாட்டுக்குத் தனியாக எதுவும் இல்லை.

எல்லையில் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று. 2023 அக்டோபர் 1 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வாடிக்கையாளரின் முகவரி பில்லில் இருந்தால் அந்த முகவரியே நுகர்வு இடம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதியிருந்தாலும் முகவரி எழுதியதாகவே கணக்கு. முகவரி எதுவும் இல்லாவிட்டால் கடை இருக்கும் இடம். மார்த்தாண்டத்தில் ஃபிரிட்ஜ் வாங்கும் பாறசாலைக்காரரின் பில்லில் 'கேரளம்' என்ற சொல் ஏறினால் ஐஜிஎஸ்டி, ஏறாவிட்டால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். வாங்குபவர் கொடுக்கும் தொகை ஒன்றுதான், பணம் சேரும் தலைநகரம் மாறிவிடும். இதைத் தவறாகப் போட்டால் கடைக்காரர் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து ஊருக்கு

1992-ன் 73, 74-வது திருத்தங்கள் ஒன்றியத்துக்கு ஒரு நிதிக்குழு இருப்பதுபோல மாநிலத்துக்கும் ஒன்று வேண்டும் என்றன. தமிழ்நாட்டில் மாநில நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயில், கழிவுகள் போக, 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகிறது. ஐந்தாவது மாநில நிதிக்குழு அதை ஊரகத்துக்கு 56, நகர்ப்புறத்துக்கு 44 என்று பிரித்தது. நாகர்கோவில் பில்லின் எஸ்ஜிஎஸ்டி 10 ரூபாய்க்கு இப்போது திரும்பலாம். அதில் சுமார் 1 ரூபாய் உள்ளாட்சிக்கு உண்டு. ஆனால் அது மாநிலம் முழுமைக்குமான பானையில் விழுந்து, மக்கள்தொகை போன்ற அளவுகோல்களின்படி பிரிந்து வரும். பில் போட்ட ஊர் எது என்று யாரும் பார்ப்பதில்லை.

இங்கே குமரி மாவட்டத்துக்கு ஒரு தனிக்குணம் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்தவர். காரணம் பெருநகரங்கள் அல்ல, ஐம்பதையொட்டி நிற்கும் பேரூராட்சிகள். பொன்மனையில் ரப்பர் தோட்டத்துக்குள் நின்றாலும், தாழக்குடியில் வயல் வரப்பில் நின்றாலும், பணம் பிரிக்கும் கணக்கில் நிற்பது நகரத்தில். விளைவு எளிது: கிராமத்துக்கென்று வரும் திட்டங்கள் பேரூராட்சி எல்லையில் நின்றுவிடும். 100 நாள் வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கானது என்பதால், ஒரே ஓடைக் கரையில் இந்தப் பக்கத்தவருக்கு வேலை அட்டை, அந்தப் பக்கத்தவருக்கு இல்லை என்ற நிலை வந்தது. வீடு கட்டும் திட்டமும் இரண்டாகப் பிரிந்தது. ஊரக வீட்டுக்கான 1,20,000 ரூபாய் ஒன்றியம் 72,000, மாநிலம் 48,000 என்ற 60:40 கணக்கு. நகர்ப்புறத்துக்கு வேறு விதி, வேறு தொகை.

இந்த 60:40 வகைத் திட்டங்களைப் பகிர்வோடு குழப்பக் கூடாது. பகிர்வுப் பணம் மாநிலத்தின் உரிமை, எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கலாம். திட்டப் பணம் நிபந்தனையோடு வரும், நிபந்தனையில் முரண்பட்டால் நின்றும் போகும். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2,152 கோடி ரூபாய் வராமல் போய், தமிழ்நாடு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இதனால்தான். பேரிடர் நிதி வேறொரு வாய்க்கால். மாநிலப் பேரிடர் நிதியில் ஒன்றியம் 75, மாநிலம் 25 என்று முன்கூட்டியே போட்டு வைப்பார்கள். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகி போன்ற புயலில் அது போதாதபோது, மாநிலம் கோரிக்கை மனு கொடுத்து, ஒன்றியக் குழு பார்வையிட்டு, தேசிய நிதியிலிருந்து கூடுதல் தொகை வரும். கேட்ட தொகைக்கும் வந்த தொகைக்கும் இடையிலான தூரம் அப்போது கடற்கரை ஊர்களில் பெரிய பேச்சு.

ஊரே வசூலிப்பது

வீட்டு வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம் இவை உள்ளாட்சியின் சொந்தக் கை. வீட்டு வரி ரசீதில் இருக்கும் 10 சதவீத நூலக வரி மட்டும் ஊருக்கில்லை, நூலக ஆணைக்குழுவுக்கு. தொழில் வரிக்கு 276-வது பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டிருக்கிறது. 1988-ல் 250-லிருந்து உயர்த்திய தொகை அது, பிறகு தொடவே இல்லை. அன்றைய 2,500-க்கும் இன்றைய 2,500-க்கும் உள்ள வித்தியாசம் சந்தைக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

பலர் கவனிக்காத பெரிய வரவு பத்திரப்பதிவில் இருக்கிறது. 30 லட்சம் மதிப்புள்ள மனையைக் கிரயம் செய்தால் முத்திரைத்தீர்வை 5 சதவீதம், மிகுவரி 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 2,70,000 ரூபாய். இதில் மிகுவரியான 60,000 உள்ளாட்சிகளுக்கு உரியது. நிர்ணயிப்பது மாநிலம், வசூலிப்பது சார்பதிவாளர், உரிமை ஊருக்கு. மூன்று கேள்விக்கும் ஒரே விடை இல்லை. அலுவலக மொழியில் இதற்கு 'ஒப்படைக்கப்பட்ட வருவாய்' என்று பெயர். ஒப்படைக்க ஆகும் காலம்தான் பிரச்சினை. பதிவு நடந்த நாளுக்கும் பணம் ஊர்க் கணக்கில் ஏறும் நாளுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுவதால், வரவு செலவுத் திட்டம் போடும்போது இதை நம்பி வேலை எடுக்க முடியாது.

ஊரில் பணம் இருந்தும் வேலை நடக்காதது ஏன்

டெல்லியிலிருந்து உள்ளாட்சிக்கென்றே வரும் பணமும் உண்டு. 15-வது நிதிக்குழுவின் 2021-26 மானியத்தில் 30 சதவீதம் குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும், 30 சதவீதம் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது (நிபந்தனை மானியம்). மீதி 40 ஊரின் விருப்பம் (பொது மானியம்), ஆனால் அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. அதனால்தான் கணக்கில் பல லட்சம் கிடக்கும்போதே தூய்மைப் பணியாளர் சம்பளம் பாக்கி என்ற விசித்திரம் நடக்கிறது. அது பொய்க் கணக்கில்லை, இரண்டும் வேறு வேறு பானை. ஊராட்சிகளில் கணக்குகளே பிரிந்திருக்கும்: முதல் கணக்கு ஊராட்சியின் பொது நிதி, இரண்டாவது மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும், மூன்றாவது திட்ட நிதி. மாநில நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதி இரண்டாம் கணக்குக்கே போய்விடும். தெருவிளக்கும் மோட்டாரும் கூடும்போது ரோட்டுக்கு மிஞ்சுவது குறையும்.

நிதிக்குழு மானியத்துக்கு இன்னும் இரண்டு பூட்டுகள். ஒன்று, தணிக்கை செய்த கணக்கு இணையத்தில் ஏறியிருக்க வேண்டும். மற்றொன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பர் வரை தள்ளிப்போனபோது தமிழ்நாட்டுக்கு ஒன்றிய மானியம் நிறுத்தி வைக்கப்பட்டது. 2019-ல் தேர்வான குமரி மாவட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது என்பதால் அப்போது அங்கே மன்றம் இருந்தது. இந்த விதியை வைத்துப் பார்த்தால் அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்றுக்குத் தவணை வரவும் மற்றொன்றுக்கு நிற்கவும் காரணம் கிடைக்கும். மாநில நிதிக்குழு மானியம் இந்தப் பூட்டுக்குள் வராது. அதனால் விளக்கு எரியும், புது வேலை மட்டும் நிற்கும்.

கேட்க வேண்டிய இடம்

ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. அங்கே வரவு செலவு அறிக்கையை வாசிக்கும்போது மொத்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கணக்கு, எந்த மானியம், கட்டுப்பட்டதா, விருப்பத்துக்குரியதா என்று பிரித்துக் கேட்க வேண்டும். முந்தின இரவே ஒன்றிய அரசின் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைத் தேடி, வந்த தவணையையும் போட்ட வவுச்சர்களையும் குறித்துக்கொண்டு போவது நல்லது. வீட்டு வரி கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு மட்டும் கூட்டத்தில் கொஞ்சம் அமைதி நிலவும், ஏனென்றால் பாக்கிதாரர்கள் எதிரேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பேரூராட்சியில் கிராம சபை கிடையாது. வார்டு உறுப்பினர் வழியாக மன்றக் கூட்டத்தில் கேட்கலாம், அல்லது பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. 'எங்கள் ஊருக்கு எவ்வளவு பணம் வந்தது' என்று எழுதினால் ஒற்றை எண்தான் வரும். 'ஒன்றிய நிதிக்குழு நிபந்தனை மானியம், பொது மானியம், மாநில நிதிக்குழு மானியம், முத்திரைத்தீர்வை மிகுவரி: இந்த நிதியாண்டில் ஒவ்வொன்றிலும் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, இருப்பு எவ்வளவு' என்று எழுதினால் நான்கு பானையும் தனித்தனியாகத் தெரியும்.